கரியாய்க் கருத்த விரலும் 'அழுகல்' என்ற சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இடைக்கால ஐரோப்பாவின் நோய்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1089ஆம் ஆண்டு லொரேன் பகுதியில் பரவிய 'புனித நெருப்பு' நோயைப் பற்றித் துறவி சிகெபெர்ட் எழுதிய குறிப்பை அதில் எடுத்துக்காட்டியிருக்கிறீர்கள். மக்கள் உடல் அழுகினர் என்றும், கைகால்கள் கரிபோல் கருத்தன என்றும் அவர் ஒரே மூச்சில் சொல்கிறார். அழுகிய தசை எப்படிக் கரியாகும் என்று கேட்டு, இதை மடத்தில் உட்கார்ந்து புனைந்த மிகைக்கூற்று என்று கட்டுரையாளர் ஒதுக்கிவிட்டது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவில் இருபத்தேழு ஆண்டுகள் செவிலியராக இருந்து அந்தக் கரியை நாள்தோறும் பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

உடலின் ஒரு பகுதி தசையோடு செத்துப்போவதைக் குறிக்கும் 'காங்கிரீன்' என்ற சொல்லைக் கட்டுரை முழுவதும் 'அழுகல்' என்றே எழுதியிருப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. இரத்தக்குழாய் அடைபட்டுக் கால்விரலுக்கு இரத்தம் போகாமல் நின்றுவிட்டால், விரல் முதலில் வெளிறிச் சில்லிட்டுப்போகும். பிறகு நீலம் பாரித்து, கருத்து, பல நாள் வெயிலில் கிடந்த புளியம்பழத் தோல்போல வற்றிச் சுருங்கிவிடும். அதில் சீழ் இருக்காது, நாற்றமும் பெரிதாக இருக்காது. செத்த பகுதிக்கும் உயிருள்ள பகுதிக்கும் நடுவே மெல்லிய சிவந்த கோடு ஒன்று விழும்; சில நோயாளிகளுக்கு அந்தக் கோட்டிலேயே, ஒரு சொட்டு இரத்தம் வராமல், கட்டுப் பிரிக்கும்போது விரல் துணியோடு வந்துவிடும். கிருமி புகுந்து ஈரமாகி வீங்கி நாறுவது வேறு வகை; உலர்ந்த விரலிலும் கிருமி புகுந்தால் அந்த நிலை வரும் என்பதால், ஒரே நோயாளியிடம் இரண்டையும் காணலாம். நோயாளியின் வீட்டார் இந்த வேறுபாட்டைத் தெளிவாக அறிந்திருந்தார்கள். "புண் அழுகிப்போச்சு" என்பார்கள் ஒரு கட்டிலில். "விரல் செத்துப்போச்சு சிஸ்டர்" என்பார்கள் அடுத்த கட்டிலில்.

பழைய மருத்துவர்களும் இதில் கவனமாகவே இருந்தார்கள். கிரேக்கத்தில் 'காங்ரைனா', 'ஸ்ஃபாகெலோஸ்' என்று இரண்டு சொற்கள் உண்டு. செத்துக்கொண்டிருக்கும், இன்னும் காப்பாற்ற வாய்ப்புள்ள உறுப்பு முன்னது. குத்தினாலும் சுட்டாலும் உணர்வில்லாமல் முற்றிலும் செத்துவிட்டது பின்னது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் வில்ஹெல்ம் ஃபாப்ரி 1593இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இந்த இரண்டு சொற்களும் இருக்கின்றன. இரண்டையும் 'அழுகல்' என்று பெயர்த்தால், எந்த நிலையில் மருந்து, எந்த நிலையில் கத்தி என்று அவர்கள் பிரித்துச் சொன்னதெல்லாம் தமிழில் குழம்பிப்போகும்.

சிகெபெர்ட் பார்த்த கரிக்கு இன்று காரணம் தெரியும். கோதுமையைப் போன்ற ரை என்னும் தானியத்தின் கதிரில் சேவலின் கால்முள்போலக் கருநீலமாக நீட்டிக்கொண்டு வளரும் எர்காட் என்ற பூஞ்சைதான் அது. அது கலந்த மாவில் சுட்ட ரொட்டியைத் தொடர்ந்து தின்றவர்களுக்கு, அதன் நஞ்சு இரத்தக்குழாய்களை இறுக்கிக் கைகால் நுனிகளைச் சாகடித்தது. (நம் கம்புக் கதிரில் வரும் தேன் ஒழுகல் நோயும் இதே இனத்துப் பூஞ்சையால் வருவதுதான், ஆனால் அதன் நஞ்சு வாந்தியும் தலைச்சுற்றலும் தருமே தவிர விரலைக் கருக்குவதில்லை.) ரொட்டிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைப் பிரெஞ்சு மருத்துவர் தொதார் 1676இல் எழுதினார், பூஞ்சையின் வாழ்க்கைச் சுழற்சியைப் பிரெஞ்சுப் பூஞ்சையியல் அறிஞர் துலான் 1853இல் விளக்கினார்.

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்து வாட்டிஷாம் கிராமத்துக் குடும்பத்தையும் சொல்லியாக வேண்டும். 1762ஆம் ஆண்டு ஜனவரியில், வயலில் சாய்ந்து நிறம் கெட்ட கோதுமையில் சுட்ட ரொட்டியைத் தின்று வந்த ஓர் ஏழைக் கூலிக்காரர் வீட்டில், தாயும் ஐந்து பிள்ளைகளும் பாதத்தையோ காலையோ இழந்தார்கள். மருத்துவர் சார்ல்டன் வொலஸ்டன் அனுப்பிய விவரத்தை லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி அதே ஆண்டு தன் ஏட்டில் வெளியிட்டது. அந்த ஊர்த் தேவாலயத்தில் ஒரு நினைவுப் பலகையும் இருக்கிறது. இப்படி ஒரு துயரம் உண்மையாகவே நடந்தது என்பதற்குச் சான்றாக அதை வைப்பதாகவே அதில் எழுதியிருக்கிறார்கள். பிற்காலத்தவர் நம்பமாட்டார்கள் என்று அவர்கள் அப்போதே அஞ்சியிருக்கிறார்கள் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

இக்கட்டுரை நூலாகுமானால், அந்த 1089ஆம் ஆண்டுக் குறிப்பில் 'கரிபோல்' என்ற சொல்லை அப்படியே விட்டு, 'மிகைக்கூற்று' என்ற சொல்லை நீக்கிவிடுமாறு கட்டுரையாளரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற செவிலியர், விருதுநகர்