ஆண்டியாக் மணல்மேட்டில் களை பறித்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம்.

இந்த வருஷத்துப் பூக்கணக்கு, அதாவது மணல்மேட்டுப் பூச்செடிகளை எண்ணுகிற வேலை, ஒருவழியாக முடிந்தது. வந்தவர்களுக்கு அன்றன்றைக்கே நன்றி சொன்னோம்தான், ஆனால் வெயிலில் எல்லாரும் களைத்துப்போய் வண்டியைப் பார்த்து நடக்கிற நேரத்தில் சொன்ன நன்றி எனக்குப் போதவில்லை. அதனால்தான் இந்த மடல். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தைப் பற்றித் தெரியாமல் படிக்கிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே, சான் வாக்கீன் ஆற்றின் தென்கரையில் ஆண்டியாக் என்று ஓர் ஊர். ஒரு பக்கம் கப்பல் போகிற ஆறு, இன்னொரு பக்கம் தண்டவாளம், நடுவில் ஜிப்சம் ஆலை, மின்கோபுரங்கள், இதற்குள் இரண்டு துண்டாகக் கிடக்கிறது அந்த மணல்மேடு. மொத்தமே 70 ஏக்கருக்குள்தான். சியரா நெவாடா மலைகளில் பனியாறுகள் அரைத்துத் தள்ளிய மணலை ஆறுகள் கொண்டுவந்து போட, காற்று அதைக் கரையோரம் குவித்து, ஒரு காலத்தில் 100 அடிக்கும் மேலே உயர்ந்து நின்ற மேடுகள் அவை. 1906 நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ இடிந்து எரிந்த பிறகு ஊரைத் திரும்பக் கட்டச் செங்கல் வேண்டும் என்று இங்கிருந்து மணலை அள்ளினார்கள், அப்புறமும் பல பத்தாண்டுகள் அள்ளிக்கொண்டே இருந்தார்கள். மணல் அள்ளுவது ஓர் இடத்தை என்ன செய்யும் என்று பாலாற்றையும் காவிரியையும் பார்த்து வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மிஞ்சிய மணலில்தான் இரண்டு பூச்செடிகள் பிழைத்துக் கிடக்கின்றன. ஒன்று ஆண்டியாக் ஈவினிங் பிரிம்ரோஸ். நம் வீட்டு அந்திமந்தாரை மாதிரிப் பொழுது சாயும்போது விரியும், ஆனால் பூ உள்ளங்கை அளவு, சுத்த வெள்ளை, மறுநாள் வெயில் ஏறியதும் ரோஸ் நிறத்துக்கு மாறித் துவண்டுவிடும். இதன் உறவுச் செடிகள் மொஹாவி போன்ற பாலைவனங்களில் இருக்கின்றன. இது மட்டும் ஆற்றங்கரையில் தனியாக நிற்கிறது. இன்னொன்று கான்ட்ரா கோஸ்டா வால்ஃபிளவர், கடுகுக் குடும்பம், மஞ்சள் பூ, ஆற்றைப் பார்த்த சரிவுகளில் நிற்கும். இரண்டையும் அமெரிக்க அரசு 1978இல் அழியும் நிலையில் உள்ள இனங்கள் என்று அறிவித்தது. 1980இல் அந்த மணல்மேடு தேசிய வனவுயிர்ப் புகலிடமானது. செடிகளையும் ஒரு பட்டாம்பூச்சியையும் காப்பாற்றுவதற்காகவே இந்த நாட்டில் அமைத்த முதல் புகலிடம் அதுதான்.

சரி, இனி நன்றி.

முதல் நன்றி புகலிடத்து உயிரியலாளர்களுக்கு. முன்பின் தெரியாத எங்கள் கூட்டத்தை, அதுவும் பாதிப்பேர் குழந்தை குட்டிகளோடு வந்த கூட்டத்தை, வேலிக்குள் விட்டு, எது செடி எது களை என்று மண்டியிட்டுக் காட்டிக் கொடுத்தீர்கள். பூக்காத பிரிம்ரோஸ் கன்று ஒன்றைத் தரையோடு தரையாக அடையாளம் காண்பது சாதாரண விஷயம் இல்லை. ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் சின்னக் கொடி நட்டுவிட்டு எங்களை உள்ளே விட்ட உங்கள் பொறுமையால்தான் நாங்கள் நிம்மதியாகக் கால் வைக்க முடிந்தது.

அடுத்தது ஊரிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருந்த அம்மாக்கள், அப்பாக்கள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. ஆறு மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறோம் என்று அலுத்துக்கொண்டு வந்தவர்கள், மணலில் இறங்கியதும் ஆளே மாறிப்போனீர்கள். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர் முதல் நாளே ஒரு கேள்வி கேட்டார். நாங்கள் பிடுங்கிக்கொண்டிருந்தது வெட்ச் என்கிற கொடி, பயறு வகை. அதன் வேரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது மண்ணுக்குத் தழைச்சத்து குடுக்குற செடியாச்சே, கொளுஞ்சி மாதிரி மடக்கி உழுதா நெல்லு பிச்சுக்கிட்டு வருமே, இதப் போயி ஏன் பிடுங்கச் சொல்றீங்க?" என்றார்.

அவர் கேட்டதிலேயே இந்தப் பூவின் கஷ்டம் முழுக்க இருக்கிறது. நமக்கு வளமான மண் நல்ல மண். இந்தச் செடிகளுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்: சத்தில்லாத, பொலபொலவென்று காற்றுக்கு நகர்கிற, வெறும் மணல். வெட்ச் கொடி தழைச்சத்தைச் சேர்க்கச் சேர்க்க, வெளியிலிருந்து வந்த புல்வகைகள் அதில் அடர்ந்து, காய்ந்து, மெத்தை போட்டுவிடும். மணல் நகராது. பிரிம்ரோஸ் விதை முளைக்க இடம் கிடைக்காது. கோடையில் அந்தக் காய்ந்த புல் பற்றிக்கொண்டால் எல்லாம் போச்சு. உயிரியலாளர் சொன்ன இந்த விளக்கத்தை ஒரு பள்ளிக்கூடப் பெண் அந்த அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் காய் முற்றுவதற்குள் எடுக்க வேண்டும், பனி ஈரம் இருக்கும்போதே இழுத்தால் வேர் அறுபடாமல் வரும், எடுத்ததை அங்கேயே போடாமல் வெளியே கொண்டுபோக வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். எல்லாம் சரி. அன்றிலிருந்து விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கினோம். அம்மா, உங்களுக்கும், அலுக்காமல் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்த அந்தப் பெண்ணுக்கும் என் தனி வணக்கம்.

நாங்கள் நேரில் பார்த்திராதவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஸ்டாக்டன் துறைமுகத்துக்குக் கப்பல் போக ஆற்றைத் தூர்வாருகிறார்கள் இல்லையா, அந்த மணலை வேறெங்கோ கொட்டாமல் 2013 முதல் இந்தப் புகலிடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கத் தொடங்கினார்கள். ஆற்றடியிலிருந்து வருகிற மணலில் களைவிதை குறைவு, களைக்காட்டின் மேல் தடிமனாகப் பரப்பினால் அது மூச்சடங்கிப்போகும், மேலே திரும்பவும் வெறும் மணல். நூறு வருஷத்துக்கு முன் போன மணல் திரும்பி வருவதற்கு இப்படி ஒரு வழியைக் கண்டுபிடித்தவர்களை நினைத்தால் எனக்கு மனசு நிறைந்துபோகிறது. தூர்வாரும் படகில் இருந்தவர்களும் புல்டோசர் ஓட்டியவர்களும் இதைப் படிக்க வாய்ப்பில்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன். மின்கோபுரங்கள் நிற்கிற தங்கள் 12 ஏக்கரையும் இந்தச் செடிகளுக்காகப் பராமரிக்க ஒப்புக்கொண்ட பி.ஜி.இ. மின் நிறுவனத்தாருக்கும் நன்றி.

அப்புறம், உள்ளே வராமல் உதவியவர்கள். மிதிபாட்டாலும் தீயாலும் செடிகள் அழிந்ததால் 1980களிலேயே புகலிடத்தைப் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள், வழிகாட்டியோடு மட்டும்தான் போகலாம். "ஒரே ஒரு தடவை பூ விரியுறதப் பார்த்துட்டு வந்துடறோமே" என்று ஆசையாகக் கேட்ட எத்தனையோ பேரிடம் முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு விதை கொடுங்கள், வீட்டுத் தோட்டத்தில் வளர்த்துக் காட்டுகிறேன் என்று கேட்டவர்களிடமும் அதே பதில்தான், அது சட்டப்படி தப்பு. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, வேலி தாண்டவும் இல்லை. களை பறித்தவர்களுக்குச் சொல்கிற அதே நன்றி உங்களுக்கும்.

70 ஏக்கர் மணலுக்கும் இரண்டு பூவுக்கும் இவ்வளவு பாடு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். பூ இல்லாமல் போனால் பூ மட்டும் போவதில்லை என்பதே என் பதில். அந்த பிரிம்ரோஸின் மகரந்தத்தையே நம்பி வாழ்கிற ஒரு சின்னத் தேனீ அந்த மணல்மேட்டில் இருக்கிறது, வேறெங்கும் அதைக் கண்டதில்லை. லாங்கேஸ் மெட்டல்மார்க் என்கிற பட்டாம்பூச்சியும் அந்த மேட்டுக்கே உரியது, அதன் புழு அங்குள்ள ஒரு பக்வீட் செடியைத் தவிர வேறெதையும் தின்னாது. அது இப்போது படுமோசமான நிலையில் இருக்கிறது. அதே மேட்டில் 1937இல் பிடித்துப் பெட்டியில் வைத்திருந்த ஒரு வெட்டுக்கிளி வகைக்கு அறிவியல் பெயர் வைத்ததே 1977இல்தான், அதற்குள் அந்த இனமே இல்லாமல் போயிருந்தது. இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து யாராவது "சின்ன இடம்தானே" என்றால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு வந்து, சாப்பிட்ட இலை தழை, தண்ணீர் பாட்டில் எதுவும் மணலில் கிடக்காமல் பார்த்துக்கொண்ட சான் ரமோன் குடும்பங்களுக்கு நன்றி. ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாருடைய செருப்பு, ஷூ அடியிலும் ஒட்டியிருந்த விதைகளைப் பிரஷ் வைத்துத் தேய்த்து எடுத்த பையன்களுக்கு நன்றி, யாரும் விரும்பிச் செய்கிற வேலை இல்லை அது. கணக்கெடுப்பன்று எல்லாரோடும் வரிசை பிசகாமல் நடந்து, ஒரு செடியை இரண்டு முறை எண்ணிவிடக்கூடாது என்று குறிப்பேட்டைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்த ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியருக்கு நன்றி. ஐயா, உங்கள் குறிப்பேட்டைப் புகலிடத்தார் அப்படியே பிரதி எடுத்துக்கொண்டார்கள்.

யாரையாவது விட்டிருந்தால் கீழே எழுதுங்கள், சேர்த்துவிடுகிறேன். மழை தொடங்கியதும் வெட்ச் மறுபடி முளைத்துவிடும், அப்போது திரும்பக் கூப்பிடுவேன். புதுக்கோட்டை அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார்கள், அதனால் விடியற்காலையில் எழுந்து வரக்கூடியவர்கள் இன்னும் நாலு பேர் கூடுதலாக வேண்டும். கையுறைகளைத் துவைத்து வைத்திருக்கிறேன்.