சாக்குச் சீட்டில் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாட்டுத் தீவன விலை ஏறியது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். விலையைப் பற்றி எல்லாரும் புலம்புகிறோம். சாக்குக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கத்தான் ஆளில்லை.

கோட்டையூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டை ஒட்டிய கொட்டிலில் இரண்டு கறவை நிற்கின்றன. போன வாரம் புதுச் சாக்கைப் பிரித்தபோது, வாயோடு சேர்த்துத் தைத்திருந்த சீட்டைப் பேத்தியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். புரதம் 20, ஈரப்பதம் 11, கொழுப்பு, நார் என்று வரிசையாகச் சதவீதம் போட்டிருக்கிறார்கள். எந்தப் புண்ணாக்கு, எங்கே விளைந்த சோயா, மரபணு மாற்றிய பயிரா என்று ஒரு வரி கிடையாது. கடைக்காரத் தம்பியிடம் கேட்டேன். "மாடு திங்குதுல்ல ஆச்சி, அப்புறம் என்ன?" என்று சிரித்தார்.

காய்ப்புழுவைத் தாங்குவதற்காக மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு நம் நாட்டில் 2002இல் அனுமதி கொடுத்தார்கள். இன்று விளையும் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்கு அதுதான். அதன் புண்ணாக்குதான் தொட்டியில் விழுகிறது. சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு வளர்க்கிற காளைக்கு ஊறவைத்து ஆட்டி ஊற்றுகிறோமே, அந்தப் பருத்திக்கொட்டையும் பெரும்பாலும் அந்த வகைதான். (மதுரைக்குப் போனால் பருத்திப்பால் வாங்கி நாமும் குடித்துவிட்டுத்தான் வருகிறோம்.) 2021 ஆகஸ்டில் கோழித் தீவனத்துக்குச் சோயா தட்டுப்பாடாகி விலை எகிறியபோது, மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கு 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்யலாம் என்றது மத்திய அரசு. எண்ணெய் எடுத்து நொறுக்கிய சக்கையில் முளைக்கும் உயிர் இல்லை, அதனால் ஆட்சேபம் இல்லை என்பது சுற்றுச்சூழல் துறை சொன்ன காரணம். முளைக்காதுதான். அதற்காகச் சாக்கில் எழுதாமல் விடலாமா?

நாம் தின்பதற்காவது அந்த வருஷமே ஒரு வரைவு விதி வந்தது. மரபணு மாற்றிய பொருள் 1 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சீட்டில் குறிப்பிட வேண்டும் என்றது அது. மாட்டுக்கு அந்தப் பேச்சே இல்லை. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், 'உணவு' என்ற வரையறையிலிருந்தே தீவனத்தை விலக்கி வைத்திருக்கிறது. ஐரோப்பாவில் 0.9 சதவீதத்தைத் தாண்டினால் தீவனச் சாக்கிலும் எழுதியாக வேண்டுமாம், 2003இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள் என்று ஜெர்மனியில் இருக்கும் மகன் சொன்னான். அந்தத் தீவனம் தின்ற மாட்டின் பாலுக்கு அங்கேயும் சீட்டு இல்லை என்பதையும் அவனே சொன்னான்.

இந்தத் தீவனத்தால் பாலுக்கு ஒன்றும் ஆகாது என்கிறார்கள் படித்தவர்கள். இருக்கட்டும், அந்த வழக்குக்கு நான் வரவில்லை. காசு கொடுத்து வாங்குகிறவளுக்குப் பெயர் தெரிய வேண்டும். வேண்டாம் என்பவர் கடலைப் புண்ணாக்கும் புதுவயல் மில் தவிடும் வாங்கிப் போட்டுக்கொள்வார்.

எழுதுவதைத் தமிழிலும் எழுதச் சொல்லுங்கள். இப்போதைய சீட்டு முழுக்க ஆங்கிலம், அதுவும் பொடி எழுத்து. பேத்தி பள்ளிக்கூடம் போய்விட்டால் எனக்கு வாசித்துக் காட்ட ஆளில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.