சொட்டுநீர் மானியக் கணக்கை மூன்றாம் ஆண்டு வயலில் போடுங்கள்

வேளாண்மை – உழவர் நலத்துறை அலுவலர்களுக்கு வணக்கம்.

சொட்டுநீர் போன்ற நுண்ணீர்ப் பாசனத்துக்கு ஒன்றியத் திட்டம் வகுத்த மானியம் சிறு, குறு உழவர்களுக்கு 55 விழுக்காடு, மற்றவர்களுக்கு 45. தமிழ்நாடு அதன்மேல் தன் நிதியைச் சேர்த்து, 5 ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு 100, மற்றவர்களுக்கு 75 என்று உயர்த்திக் கொடுக்கிறது. பெரிய உதவி இது. ஆனால் எத்தனை ஹெக்டேரில் குழாய் பதித்தோம் என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. மூன்று ஆண்டு கழித்து அதில் எத்தனை ஹெக்டேரில் தண்ணீர் சொட்டுகிறது என்பதையும் கணக்கில் எடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

வரப்போரம் சுருட்டிப் போட்ட கறுப்புக் குழாய் எந்த ஊரிலும் கண்ணில் படும். உழவர் அக்கறையில்லாதவர் என்று அதற்குக் காரணம் சொல்வது எளிது. பல வயல்களில் பிழை வடிவமைப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

ஒரு ஏக்கருக்கு லேட்டரல், அதாவது பயிர் வரிசையோரம் ஓடும் சிறு குழாய், 1.5 மீட்டர் இடைவெளியில் போட்டால் ஏறத்தாழ 2,700 மீட்டர் குழாய் வேண்டும். 60 செ.மீ.க்கு ஒரு டிரிப்பர் (தண்ணீர் சொட்டும் வாய்) என்றால் 4,500 டிரிப்பர். ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் விட்டால் மொத்தம் மணிக்கு 18,000 லிட்டர், அதாவது நொடிக்கு 5 லிட்டர். கொங்குப் பகுதிப் பாறை நிலத்துப் போர்கள் (ஆழ்துளைக் கிணறுகள்) பலவற்றில் கோடையில் இதில் பாதிகூட வராது. தண்ணீர் போதாவிட்டால் அழுத்தம் விழும். முன்வரிசை நனையும், கடைவரிசை காயும். உழவர் டிரிப்பரைப் பிடுங்கிவிட்டுக் குழாயில் ஓட்டை போடுவார். அதோடு சொட்டுநீர் முடிந்தது.

தடுக்க ஆகும் செலவு 200 லிட்டர் டிரம் ஒன்றுதான். மோட்டாரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அதன்பிறகு டிரம் நிரம்பும் நேரத்தைக் குறிக்க வேண்டும். 80 நொடியில் நிரம்பினால் நொடிக்கு 2.5 லிட்டர், அந்த ஏக்கரை இரண்டு பகுதியாகப் பிரித்து, லேட்டரல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் சப்மெயின் குழாய்க்குத் தனித்தனி வால்வு வைத்தாக வேண்டும். 160 நொடி ஆனால் நான்கு பகுதி. இந்த எண்ணை விண்ணப்பத்தில் எழுத ஒரு கட்டம் சேருங்கள். அது காலியாக இருந்தால் வேலை ஆணை தராதீர்கள்.

அடுத்தது வடிகட்டி. நீர்ப் பரிசோதனை அறிக்கையை விண்ணப்பத்தோடு இணைக்கச் சொல்கிறீர்கள். அதைப் படித்து வடிகட்டியைத் தேர்ந்தால்தானே பயன்? திறந்த கிணற்றுத் தண்ணீரிலும் பண்ணைக்குட்டைத் தண்ணீரிலும் பாசி வரும். அதற்கு மணல் வடிகட்டி வேண்டும். போரில் மணல் தள்ளினால், தண்ணீரைச் சுழற்றி மணலைப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன். இரண்டுக்கும் அடுத்துத்தான் ஸ்கிரீன் (வலை) அல்லது டிஸ்க் (தட்டு) வடிகட்டி. பாசித் தண்ணீருக்கு வெறும் ஸ்கிரீனை வைத்தால் நாளுக்கு இரண்டு முறை கழுவ வேண்டிவரும். சலித்துப்போய் ஒருநாள் வலையைக் கழற்றி எறிவார்கள். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி கட்டாயம் இருக்கட்டும். சுத்தமாக இருக்கும்போது காட்டும் வித்தியாசத்தைவிட சதுர செ.மீ.க்கு 0.3 முதல் 0.5 கிலோ வரை கூடினால் கழுவ வேண்டும் என்று உழவரே பார்த்துத் தெரிந்துகொள்வார்.

உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை, கடைசி லேட்டரல் முனையில் பி.எச். (அமிலத்தன்மை அளவு) 4 காட்டும் வரை செலுத்தி, மோட்டாரை நிறுத்தி, ஒருநாள் குழாய்க்குள்ளேயே விட்டு, பிறகு முனை மூடிகளைத் திறந்து கழுவிவிட வேண்டும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. பாசிக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல் விடுபவர்கள் அதை அமிலத்தோடு சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. இவ்வளவையும் குழாய் பதிக்கும் நாளில் வாய்மொழியாகச் சொன்னால் யார் நினைவிலும் நிற்காது. முதல் அமிலக் கழுவலைக் குழாய் பதிக்கும் நிறுவனத்தின் சேவைக் கடமையாக்கி, அதன் ஆள் வந்து வயலில் செய்து காட்டட்டும்.

உரம் பற்றியும் ஒன்று. உரக் கரைசலைக் குழாய்க்குள் உறிஞ்சிவிடும் வெஞ்சுரி கொடுத்துவிட்டுப் போகிறார்கள். உழவர்கள் டி.ஏ.பி. உரத்தையும் சூப்பர் பாஸ்பேட்டையும் வாளியில் கரைத்து அதில் விடுகிறார்கள். கரையாத கசடு டிரிப்பரை அடைக்கிறது. நீரில் முழுதும் கரையும் உரம் விலை கூடியது. அதையும் மானியத்தில் சேர்க்காமல் வெஞ்சுரியை மட்டும் தருவதில் பயன் பாதிதான்.

'100 விழுக்காடு' என்ற சொல்லையும் விளக்கிச் சொல்லுங்கள். அது பயிர் இடைவெளிக்கு ஏற்ப நிர்ணயித்த அலகுத் தொகையில் நூறு. கிணறு தொலைவில் இருந்து மெயின் குழாய் நீண்டால், கூடுதல் செலவு உழவர் தலையில்தான். முதலிலேயே தெரிந்தால் மனம் கசக்காது.

சொட்டுநீர் போடுபவர்களுக்குத் தரும் துணை நீர் மேலாண்மைப் பணிகள் என்ற உதவியில் நீர்த்தொட்டிக்குக் கன மீட்டருக்கு 350 ரூபாய் வீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய் என்பது விதி. கணக்குப் பார்த்தால் 114 கன மீட்டர். மேலே சொன்ன ஒரு ஏக்கருக்கு ஆறு மணி நேரப் பாசனத்துக்கு அது வரும். ஊற்று குறைந்த போர் உள்ளவருக்கு இதைவிட நல்ல உதவி கிடையாது: இரவெல்லாம் தொட்டியை நிரப்பி, காலையில் முழு அழுத்தத்தில் விடலாம். சொட்டுநீர் விண்ணப்பம் வாங்கும் மேசையிலேயே இதையும் கேட்டு எழுதுங்கள்.

ஆவணங்களில் சிக்கல் பெரும்பாலும் சிட்டாவில்தான். தாத்தா பெயரில் பட்டா, கூட்டுப் பட்டா, வாய்மொழிக் குத்தகை. உழுகிறவர் ஒருவர், பெயர் இன்னொருவருடையது. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவையும் பங்காளிகளின் ஒப்புதல் கடிதத்தையும் ஏற்கும் வழியை வருவாய்த் துறையோடு பேசி முடிவுசெய்யுங்கள்.

பணம் வழங்கும் முறையிலும் ஒரு மாற்றம் வேண்டும். பதித்ததும் முழுத் தொகையையும் நிறுவனத்துக்கு விடுவிக்காமல், ஒரு பங்கை நிறுத்திவையுங்கள். மூன்றாம் ஆண்டு ஆய்வில் ஒரு லேட்டரலின் தலை, நடு, கடை மூன்றிலும் டிரிப்பருக்கு அடியில் குவளை வைத்து ஆறு நிமிடம் பிடியுங்கள். 4 லிட்டர் டிரிப்பர் என்றால் ஒவ்வொன்றிலும் 400 மில்லி இருக்க வேண்டும். 10 விழுக்காடு முன்னே பின்னே இருந்தால் நிறுத்திவைத்ததைக் கொடுக்கலாம். அதே நிலத்துக்கு மறு மானியம் 7 ஆண்டு கழித்துத்தான் என்பதால், நடுவில் எலி கடித்த குழாய்க்கும் கரும்புச் சோகை எரித்து உருகிய குழாய்க்கும் பாதி விலையிலாவது மாற்றுக் குழாய் கிடைக்கச் செய்யுங்கள்.

டிரம் சோதனையை மட்டும் மார்கழியில் செய்யாதீர்கள். மழை முடிந்த கையோடு எந்தக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். சித்திரையில் வந்து அளங்கள்.

இப்படிக்கு,
சொட்டுநீர் போட்ட உழவர்கள்