வில் ஓடினாலும் தாளம் ஓடக் கூடாது

திருப்பாதிரிப்புலியூர்
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

நீ வயலினில் வாசித்து அனுப்பிய மோகன ராக வர்ணத்தை நாலு தடவை கேட்டேன். ஸ்ருதி நன்றாகச் சேர்ந்திருக்கிறது, வில்லும் முன்பைவிட நிதானம். காலப்பிரமாணம்தான், அதாவது தாளத்தின் வேகம்தான், ஒரே நிலையில் நிற்கவில்லை. நொடி பார்த்தேன்: எட்டு அட்சரம் (எண்ணிக்கை) கொண்ட தாளச் சுற்றுதானே ஆவர்த்தனம், பல்லவியின் முதல் ஆவர்த்தனம் 8 நொடி, கடைசியில் சரணத்துக்குத் திரும்பும் ஆவர்த்தனம் 7 நொடி. நிமிஷத்துக்கு 60 அட்சரத்தில் எடுத்து 68, 69-ல் முடித்திருக்கிறாய். "எனக்கு லயமே வராதும்மா" என்று எழுதியிருக்கிறாயே, அப்படிச் சொல்லாதே கண்ணு. வராதவளுக்கு ஓடுவதே தெரியாது. உனக்குத் தெரிகிறது, எங்கே ஓடுகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

முதலில் கார்வையில், ஸ்வரத்தை நீட்டி நிற்கும் இடத்தில், ஓடுகிறது. பஞ்சமத்தில் நாலு மாத்திரை, அதாவது ஓர் அட்சரம், நிற்க வேண்டிய இடத்தில் மூன்றரையிலேயே அடுத்த ஸ்வரத்துக்குத் தாவுகிறாய். நீண்ட ஸ்வரத்துக்குள் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால் மனசு அவசரப்படுகிறது. ஆகவே கார்வைக்குள் மனசில் 'தகதிமி' ஓடிக்கொண்டே இருக்கட்டும். 'மி' முடிந்த பிறகுதான் வில் திரும்ப வேண்டும். இரண்டாவது, எளிய பிடிகளில் ஓடுகிறது. கஷ்டமான இடத்தில் பயந்து பிடித்து வைத்ததை, அது தாண்டியதும் விட்டுவிடுகிறாய். மூன்றாவதுதான் பெரிசு: இரண்டாம் காலத்துக்கு மாறும்போது ஸ்வரம் இரட்டிப்பதோடு தாளமும் கொஞ்சம் ஏறிவிடுகிறது.

பாடலீஸ்வரர் கோயில் புறப்பாட்டில் மல்லாரி கேட்டிருக்கிறாயே. நாகஸ்வரம் முதல் காலத்திலிருந்து இரண்டாம் காலத்துக்கும் மூன்றாம் காலத்துக்கும் போகும், தவில் பொரிந்து தள்ளும், ஆனால் பக்கத்தில் கைத்தாளம் போடுகிறவர் முகம் மாறாமல் அதே இடைவெளியில் தட்டிக்கொண்டிருப்பார். அடுத்த முறை நாகஸ்வரத்தை விட்டுவிட்டு அவரை மட்டும் கவனி. உன் கை அவராக இருக்க வேண்டும்.

அதனால் ஒரு மாசம் வயலினை எடுப்பதற்கு முன் தினமும் 20 நிமிஷம் வாயும் கையும் மட்டும். சீராகத் தட்டொலி எழுப்பும் மெட்ரோனோமை 50-ல் வைத்து ஆதி தாளம் போடு: ஒரு தட்டும் மூன்று விரலும் லகு, பிறகு தட்டும் வீச்சுமாக இரண்டு துருதம். கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போடு. தட்டுக்குக் கை மேலிருந்து வருகிறது, தூரம் அதிகம். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் எண்ணும்போது விரல் அரை அங்குலம்தான் நகர்கிறது. சீக்கிரம் வேலை முடிந்துவிடுவதால் விரல்கள் மூன்றும் முந்திக்கொள்ளும். அதை ஈடுகட்ட வீச்சில் கை தயங்கி நிற்கும். பலருக்கும் லகு சுருங்கி, துருதம் நீளுவது இப்படித்தான். மருந்து: விரல் எண்ணும்போதும் மணிக்கட்டு லேசாக ஏறி இறங்கட்டும். தட்டியதும் கை தொடையில் ஒட்டிக்கொள்ளக் கூடாது, உடனே மெதுவாக எழும்பத் தொடங்க வேண்டும். அட்சரத்துக்கு அட்சரம் நடுவில் கை நின்றால், அங்கே நீ காலத்தை அளக்கவில்லை, ஊகிக்கிறாய்.

கை படிந்ததும் பாலபாடமான சரளி வரிசையை 40-ல் மூன்று காலம் பாடு. 40-ல் ஓர் அட்சரம் ஒன்றரை நொடி. வேகத்தைவிட இதுதான் கடினம், அதனால்தான் எல்லாரும் இதைத் தவிர்க்கிறார்கள்.

பிறகு நடை மாற்றம், அதாவது ஓர் அட்சரத்தை எத்தனை எழுத்தாகப் பிரிக்கிறோம் என்பதை மாற்றுவது. அதே 40-ல் கையை மாற்றாமல் ஓர் அட்சரத்துக்குத் தகதிமி, அடுத்த ஆவர்த்தனம் தகிட, திரும்பத் தகதிமி, அப்புறம் தகதகிட. மூன்றெழுத்துத் திஸ்ரத்தில் வரும் கோளாறு ஒன்றுதான்: 'தகிட' சொல்லிவிட்டு ஒரு மாத்திரை சும்மா இருப்பது. கேட்பதற்குத் திஸ்ரம் போல இருக்கும், உள்ளே நாலெழுத்துச் சதுஸ்ரம்தான். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இரண்டு அட்சரத்துக்குத் தகிடதகிட சொல்லி, இரண்டிரண்டு எழுத்தாக அழுத்து: தகி, டத, கிட. நடுவில் தடுக்கினால் எழுத்துகள் சமமாக இல்லை. இன்னும் சந்தேகமானால் மெட்ரோனோமை எழுத்துக்கே வை. அட்சரம் 40 என்றால் திஸ்ரத்துக்கு 120, சதுஸ்ரத்துக்கு 160, ஐந்தெழுத்துக் கண்டத்துக்கு 200. கண்டத்தில் 'தக' அவசரமாகவும் 'கிட' இழுத்தும் வரும், அதைக் கவனி. ஏழெழுத்து மிஸ்ர நடைக்கு இப்போது அவசரம் இல்லை.

மெட்ரோனோமை எந்நேரமும் போட்டுக்கொண்டு வாசிப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. அது காலத்தை வைத்துக்கொள்ளும், நீ அதன் பின்னால் போவாய். மெல்ல மெல்லப் பிடுங்கு. முதல் வாரம் 60-ல் எல்லா அட்சரத்துக்கும் ஒலி. அடுத்த வாரம் 30-ல் வைத்து ஒன்றுவிட்டு ஒன்றுக்கு. மூன்றாவது வாரம் ஓர் ஆவர்த்தனம் ஒலி, ஓர் ஆவர்த்தனம் மௌனம். இந்த வசதி உள்ள செயலிகள் இருக்கின்றன. மௌனம் முடிந்து ஒலி வரும்போது நீ சமத்தில், சுற்றின் முதல் தட்டில், இருக்கிறாயா, முந்தியிருக்கிறாயா என்று அப்பட்டமாகத் தெரியும். முந்தியிருந்தால் உடனே இழுத்துச் சரிசெய்யாதே, நிறுத்திவிட்டு மறுபடி எடு.

எடுப்புக்கும், அதாவது பாட்டு தாளத்தில் தொடங்கும் இடத்துக்கும், அதே மெட்ரோனோம் உதவும். 40-ல் வைத்து, ஒலி தட்டில் விழாமல் அரை அட்சரம் தள்ளி விழுவதாக எண்ணிக்கொண்டு தாளம் போடு. முதலில் கை தானாக ஒலியோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாறு நாளில் பிரியும். அதற்குப் பிறகு அரை இடம், ஒன்றரை இடம் தள்ளி எடுக்கும் உருப்படிகள் உன்னைப் பயமுறுத்தாது.

கல்பனாஸ்வரத்தில், அந்த நேரத்துக் கற்பனையில் போடும் ஸ்வரங்களில், நீ முடிப்பு வைக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 'ததிங்கிணதொம்' ஐந்து மாத்திரை, மூன்று தடவைக்கு 15. இரண்டு துருதத்தில் இருப்பது 16. ஆகவே ஐந்தாவது அட்சரத்துத் தட்டு விழுந்து ஒரு மாத்திரை விட்டுத்தான் தொடங்க வேண்டும். நீ தட்டிலேயே தொடங்கி, ஒரு மாத்திரை முன்னாலேயே முடித்து, கடைசி 'தொம்'மை நீட்டிச் சமாளிக்கிறாய். மிருதங்கக்காரர் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார், நீ விடாதே.

வயலினுக்கு வரும்போது கை இரண்டும் வேலையில் இருக்கும், தாளம் காலுக்குப் போகும். கால் கட்டைவிரல் மட்டும் போதும். முதலில் ஒரே ஸ்வரத்தை, அட்சரத்துக்கு ஒன்று, இரண்டு, நாலு வில் என்று போட்டுப் பார். வில் வேகமாகும்போது கால்விரலும் துள்ளினால் திரும்ப வாய்ப்பாட்டுக்குப் போ.

ஆபீசுக்கு நடக்கும் 15 நிமிஷத்தையும் வீணாக்காதே. அடிக்கு ஓர் எண்ணிக்கையாக, ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு போடு, தகிட தக திமி. ஏழு ஒற்றைப்படை என்பதால் சமம் ஒரு தடவை இடது காலிலும் மறு தடவை வலது காலிலும் விழும். தொடர்ந்து இரண்டு முறை ஒரே காலில் விழுந்தால் எங்கோ விட்டுவிட்டாய். பொங்கலுக்கு வரும்போது சில்வர் பீச்சில் சேர்ந்து நடக்கலாம். உலர்ந்த மணலில் கால் புதைந்து அடி சமமாக வராது, அலை நனைத்த ஈர மணலில் நடக்க வேண்டும்.

வீடியோ காலில் என்னோடு சேர்ந்து வாசிக்கக் கேட்டிருந்தாய். ஆசைதான், ஆனால் ஒலி தாமதமாக வந்து சேர்வதால் இருவருமே ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து காலம் இழுபடும். பதிவே போதும். அடுத்த ஞாயிறு வர்ணத்தின் பல்லவி மட்டும் அனுப்பு, 60-ல், இரண்டு காலமும், மெட்ரோனோம் இல்லாமல். போனை நாற்காலி மேல் வைக்காதே, தரையில் வை. உன் கால் தட்டும் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா