சாரல் காலத்தில் வருகிறவர்கள்

செங்கோட்டை

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது.

புனலூர் மலைப்பாதை ரயிலுக்காக நீ நடத்தும் டெலிகிராம் குரூப்பில் நாற்பது பேர் நானூறாகிவிட்டார்கள், பழைய ஆட்கள் வாயே திறப்பதில்லை என்று எழுதியிருந்தாய். வந்தவர்களைக் குறை சொல்லாதே ஐயா. அவர்கள் வந்த வேகம்தான் காரணம்.

நாற்பது பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் 780 ஜோடி. நானூறு பேர் என்றால் 79,800. அத்தனை பேரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க முடியாது. யார் சொல்வதை நம்பலாம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்த வரை சட்டம் தேவைப்படவில்லை. கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலத்தின் படம் போட்டால் தேதியும் வண்டி எண்ணும் சேர்த்து எழுதுவதை எல்லாரும் பார்த்தே பழகினார்கள். புதிதாக நுழைகிறவரும் கடைசி இருபது முப்பது பதிவைப் பார்த்துத்தான் பழகுவார். அதில் பாதி நேற்று வந்தவர்கள் எழுதியது என்றால், அவர் பழகுவதும் அதையே.

இணையத்தின் ஆரம்பகால விவாத மேடையான யூஸ்நெட்டில் இதுதான் நடந்தது. செப்டம்பர்தோறும் கல்லூரிக்குப் புதிதாக வந்த மாணவர்கள் உள்ளே நுழைவார்கள், கொஞ்ச நாளில் வழக்கம் படிந்துவிடும். 1993-94ல் ஏஓஎல் போன்ற இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கும் அதைத் திறந்துவிட, வரத்து நிற்கவேயில்லை. முடிவில்லாச் செப்டம்பர் என்றே அதற்குப் பெயர் விழுந்தது. உங்களுக்குக் குற்றாலச் சாரலும் சபரிமலை சீசனும்தான் புதியவர்கள் குவியும் செப்டம்பர்.

ஆனி பிறக்குமுன் இதைச் செய். குரூப் லிங்க்கைப் பொதுவில் ஒட்டாதே. ஒரு லிங்க்கில் இத்தனை பேர், இத்தனை நாள் என்று டெலிகிராமில் வரம்பு வைக்கலாம். வாரம் பத்துப் பேர் போதும். தினமும் எழுதுகிற ஆறேழு பேரால் அதற்குமேல் கவனிக்க முடியாது. பழைய பேச்சு புதியவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று செட்டிங்கில் பார். இருபது விதி எழுதி மேலேயே நிற்கும்படி 'பின்' செய்தால் யாரும் படிக்கமாட்டார்கள். நல்ல பதிவு ஒன்றை மாதிரியாக மேலே 'பின்' செய். 'கொல்லம் மெயில் எத்தனை மணிக்கு' என்ற கேள்விகளுக்குத் தனித் தலைப்பு திறந்து, அதில் வண்டி எங்கே வருகிறது என்று சொல்லும் ரயில்வேயின் என்டிஇஎஸ் செயலியைக் காட்டிவிடு. ஒருவர் ஒரு பதிவு போட்டபின் அடுத்ததற்குக் காத்திருக்க வைக்கும் ஸ்லோ மோடை சில விநாடி முதல் ஒரு மணி நேரம் வரை வைக்கலாம். கூட்டம் நெரியும் நாளில் மட்டும் 30 விநாடி வை. எப்போதும் வைத்தால், மலையேறும் வண்டியைப் பார்த்துக்கொண்டே பேசுகிற சுகம் போய்விடும்.

எல்லாவற்றையும்விட முதல் பதில் முக்கியம். ஒரு நாளுக்குள், பெயர் சொல்லி, அவருக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றைக் கேட்டுப் பதில் போடச் சொல். 'இதுகூடத் தெரியாதா' என்று ஒருவர் எழுதினால் பத்துப் பேர் ஊமையாகிவிடுவார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுகிறவர்களின் எண்ணிக்கை 2007க்குப் பிறகு சரிந்தது. நல்ல எண்ணத்தோடு புதியவர்கள் செய்த திருத்தங்களைக் கருவிகள் கொண்டு சட்டென்று நீக்கியதை அதற்கு ஒரு காரணமாக ஆய்வாளர்கள் காட்டினார்கள். கதவை இறுக மூடினாலும் குரூப் காய்ந்துபோகும்.

சில மாற்றங்களை நீ ஏற்கத்தான் வேண்டும். மீட்டர்கேஜ் என்ற பழைய குறுகிய பாதை 2010ல் நின்றது, அகலப்பாதையில் முழுத் தடமும் ஓடத் தொடங்கியது 2018ல். இன்று வரும் பிள்ளைகளுக்குப் பழைய பாதை தெரியாது, அந்தப் பேச்சு குறையும். எனக்கும் அது வருத்தம்தான். அதற்கென்று ஒரு தலைப்பு திறந்து பழையவர்களிடம் கொடு. தென்மலை, புனலூர்க்காரர்கள் மலையாளத்தில் எழுதினால் தமிழில் எழுதச் சொல்லி விரட்டாதே. மலைக்கு அந்தப் பக்கத்துச் செய்தி அவர்களிடம்தான் இருக்கிறது.

அட்மின் எல்லாரும் பழைய ஆட்களாகவே இருக்கவேண்டாம். இந்த வருஷம் சேர்ந்தவர்களில் நிதானமாகப் பதில் சொல்கிற இருவரைப் பார்த்துச் சேர்த்துக்கொள். ஒருவர் புனலூர்ப் பக்கத்தவராக இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா