பல் மருத்துவம் படிக்க வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில், ராமநாதபுரத்தில் வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கான இலவசக் கருத்தரங்கு என்று அரைப்பக்க விளம்பரம் வந்திருந்தது. எம்.பி.பி.எஸ். என்று பெரிதாகப் போட்டு, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'பல் மருத்துவமும் உண்டு' என்றிருந்தது. அந்தச் சின்ன எழுத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் அதே மாதிரி ஒரு கருத்தரங்கில், மூத்த மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கைகட்டிக் கேட்டவள் நான்.

எங்களுக்குப் பாம்பன் தெற்குவாடி. கருவாடு வாங்கி விற்கிறோம். மகள் ப்ளஸ் டூ முடித்து நீட் எழுதினாள். அரசுக் கல்லூரி கிடைக்கும் அளவுக்கு மார்க் வரவில்லை. அவள் படித்தது அரசு உதவிபெறும் பள்ளி என்பதால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் அவளுக்குப் பொருந்தாது. புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 2023-இல்தான் வந்தது. இங்கே தனியார் கல்லூரியில் கேட்ட தொகை எங்களால் முடியாத தொகை.

எம்.பி.பி.எஸ். வேண்டாம், பல் மருத்துவம்தான் வேண்டும் என்று அவள் நின்றதற்குக் காரணம் என் அப்பா. ராத்திரி முழுக்கக் கடலில் கிடக்கும்போது தூக்கம் வராமலிருக்கப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது அவருக்கு நாற்பது வருடப் பழக்கம். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. சூட்டுப் புண் என்று தேங்காய்ப்பால் கொப்பளித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்க முடியாமல் போன பிறகுதான் மதுரைக்குக் கொண்டு போனோம். ஒரு வருடம் முன்னால் யாராவது வாயைத் திறந்து பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அங்கே சொன்னார்கள். அன்றைக்கு மகளுக்குப் பதினான்கு வயது. "வாயைத் திறந்து பார்க்கிற ஆளாக நான் வருவேன்மா" என்றாள். அந்தச் சொல்லுக்காகத்தான் பிலிப்பைன்ஸ் வரைக்கும் அனுப்பினேன்.

அங்கே பல் மருத்துவம் 6 வருடம். முதல் இரண்டு வருடம் அடிப்படைப் பாடங்கள், அப்புறம் நான்கு வருடம் பல் மருத்துவம். நம் ஊரில் பி.டி.எஸ். பயிற்சியோடு சேர்த்து 5 வருடம். இந்த ஒரு வருட வித்தியாசத்தைக்கூடக் கருத்தரங்கில் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தானே கேட்பதற்கு!

நான் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். "படிச்சு முடிச்சு வந்தா இங்க பரீட்சை ஏதும் எழுதணுமா சார்?" என்றேன். "அது எம்.பி.பி.எஸ்.ஸுக்குத்தாம்மா. பல்லுக்கெல்லாம் கிடையாது, வந்ததும் போர்டு போட்டு உட்கார்ந்திடலாம்" என்று அந்த நிறுவனத்து ஆள் சொன்னார். எனக்கு அப்படியே வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

சொன்னது பொய். மருத்துவம் படித்து வருகிறவர்களுக்கு எஃப்.எம்.ஜி.இ. தேர்வு இருப்பது போலவே, வெளிநாட்டில் பல் மருத்துவம் படித்து வரும் இந்தியப் பிள்ளைகளுக்கும் தனியாக ஒரு தேர்வு உண்டு. எஃப்.டி.எஸ்.டி. என்கிறார்கள். தேசியத் தேர்வு வாரியம்தான் நடத்துகிறது. பல் மருத்துவக் கவுன்சில் 2009-இல் போட்ட விதி அது. அதில் தேறினால்தான் இங்கே பதிவு செய்து தொழில் பார்க்கலாம். விமானம் ஏறுவதற்கு முன்பே கவுன்சிலிடம் தகுதிச் சான்றிதழ் ஒன்று வாங்க வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியாது. மூன்றாம் வருடம் படிக்கும்போது, கேரளத்திலிருந்து வந்து படிக்கும் சீனியர் அக்கா சொல்லித்தான் மகளுக்கே தெரிந்தது. அன்று இரவு போனில் அவள் அழவில்லை. "அம்மா, நீங்க கேட்டீங்கதானே? அவர் இல்லைன்னு சொன்னார்தானே? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த நிறுவனத்துக்கு நேரில் போய்க் கேட்டேன். அப்படி நாங்கள் சொல்லவே இல்லையே என்றார்கள். காகிதத்தில் எழுதி வாங்காதது என் தப்பு. அந்தச் சான்றிதழுக்காக இன்னும் அலைந்துகொண்டிருக்கிறோம்.

இப்போது சட்டமும் மாறுகிறது. 1948-ஆம் வருடத்துப் பல் மருத்துவர் சட்டத்துக்குப் பதிலாக, தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. பல் மருத்துவத்துக்கும் இறுதியாண்டுப் பொதுத் தேர்வு என்று அதில் இருக்கிறது. இன்று கிளம்பும் பிள்ளை திரும்பி வரும்போது எந்த விதி இருக்கும் என்பதை, விவரம் தெரிந்தவர்கள்தான் எங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயத்தை யாருமே பேசுவதில்லை. பல் மருத்துவம் முழுக்க முழுக்கக் கைவேலை. விடுமுறைக்கு வந்திருந்தபோது, மெழுகுக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்து பல் செதுக்கிக்கொண்டிருந்தாள். கீழ்வரிசைக் கடைவாயில் முதல் பல்லுக்கு ஐந்து முகடு இருக்குமாம். நான்கு சரியாக வந்தது, ஐந்தாவது மழுங்கிப் போனது. கட்டியை உருக்கி ஊற்றி மறுபடி செதுக்கினாள். பக்கத்தில் நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். "உனக்கு நெத்திலித் தலை எப்படிம்மா பார்க்காமலே கிள்ள வருது?" என்று கேட்டாள். கை பழகப் பழகத்தான் வரும் என்றேன். "அதேதான்மா, எனக்கு வாய்கள் வேணும்" என்றாள்.

அவள் சொன்னது எனக்கு அப்போது விளங்கவில்லை. பிலிப்பைன்ஸில் கடைசி வருடங்களில் இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை அடைக்க வேண்டும், இத்தனை வேர் சிகிச்சை, இத்தனை பல்செட் என்று கணக்கு முடித்தால்தான் பட்டம். அதற்கான நோயாளிகளைப் பெரும்பாலும் மாணவர்களே தேடிப் பிடித்து அழைத்து வர வேண்டும். வருகிறவர்களுக்குப் பஸ் காசு, சாப்பாடு, சில நேரம் அன்றைய கூலிகூட மாணவர் கையிலிருந்துதான் போகும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குச் சித்தி, மாமா, பக்கத்து வீடு என்று ஆள் இருக்கும். பாம்பன் பிள்ளைக்கு மணிலாவில் யார் இருக்கிறார்கள்?

என் மகள் மீன் மார்க்கெட்டுக்குப் போனாள். அங்கே மீன் விற்கிறவர்களும் பெண்கள்தான். சாளைக் கருவாடு மாதிரி ஒன்றை 'துயோ' என்று சொல்லி விற்கிறார்கள். இவள் அதை எடுத்து முகர்ந்து பார்த்து, உப்பு அதிகம் என்று சைகையில் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது. அங்கே அக்காவை 'ஆத்தே' என்று கூப்பிடுகிறார்கள். பல்லுக்குப் பெயர் 'ஙிபின்'. நம் எழுத்தில் ங இருந்தும் அதில் ஆரம்பிக்கும் சொல் நம் வாயில் வருவதில்லை, அவளுக்கும் முதலில் வரவில்லை. வலிக்கிறதா என்று கேட்க 'மசாகித் போ பா?' என்பார்களாம். அந்த 'போ' மரியாதைச் சொல், நாம் 'ங்க' போடுவது மாதிரி. பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான், ஆனால் நாற்காலியில் பயந்து உட்கார்ந்திருக்கிற பெரியம்மாவிடம் ஆங்கிலம் பேசி என்ன செய்ய? 'போ' சேர்த்துக் கேட்ட பிறகுதான் அந்த அம்மா வாயைத் திறந்தார் என்றாள்.

அந்த அம்மாவுக்கு முழுப் பல்செட். அளவெடுக்க, கடி பார்க்க, மெழுகில் வைத்துப் பார்க்க என்று ஐந்தாறு தடவை வர வேண்டும். மூன்றாவது தடவைக்கு அப்புறம் அவர் வரவில்லை. மகனோடு சொந்த ஊருக்குப் போய்விட்டார். செய்ததெல்லாம் கணக்கில் சேராமல் போய், வேறொரு ஆளைத் தேடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அவளுக்கு அரை வருடம் தள்ளிப்போனது. அரை வருடம் என்றால் அறை வாடகை, சாப்பாடு, மறுபடி ஒரு பருவக் கட்டணம். கருவிகள் வேறு சொந்தக் காசில்தான்: பல்லைக் குடைகிற ஹேண்ட்பீஸ், பல் பிடுங்கும் குறடு, கண்ணாடி, ஊசிகள் எல்லாம். கருத்தரங்கில் கொடுத்த கட்டண அட்டையில் இவற்றுக்கு ஒரு வரி கிடையாது.

கடற்கரைக் குடும்பத்துக்கு இந்த எதிர்பாராத செலவு எப்படி வந்து விழும் என்பதையும் சொல்கிறேன். கல்விக் கடனுக்கு வங்கிக்குப் போனோம். 7.5 லட்சத்துக்கு மேல் என்றால் சொத்துப் பிணை கேட்டார்கள். எங்கள் வீடு புறம்போக்கில் இருக்கிறது, பட்டா இல்லை. மிச்சத்துக்கு நகையை வைத்தோம், வட்டிக்கும் வாங்கினோம். ப்ளஸ் டூ முடிவு மே மாதம் வருகிறது. ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், கையில் காசு இருக்காது, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். இந்த ஏஜெண்டுகள் மண்டபத்துக்கும் தங்கச்சிமடத்துக்கும் கீழக்கரைக்கும் அலைவது அந்த இரண்டு மாதத்தில்தான். இன்றே முன்பணம் கட்டினால்தான் சீட்டு என்பார்கள். யோசிக்க ஒரு ராத்திரிகூடத் தருவதில்லை.

பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்று நான் எழுதவில்லை. என் மகள் நன்றாகத்தான் படிக்கிறாள். அந்த மார்க்கெட்டில் இப்போது அவளைத் தேடி வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் கோயில் வாசலிலேயே இரண்டு பேர் வாயைத் திறந்து காட்டுகிறார்களாம். அந்தக் கை இந்தக் கரைக்குத் திரும்பி வரவேண்டும் என்பதுதான் என் ஆசை.

அதனால் கேட்கிறேன். ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு அரசு 'கல்லூரிக் கனவு' என்று வழிகாட்டி நிகழ்ச்சி நடத்துகிறது. நல்ல காரியம். அதில் வெளிநாட்டு மருத்துவம், பல் மருத்துவம் பற்றி அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லி நம் மாவட்ட நிர்வாகத்திடம் உங்கள் நாளிதழ் எடுத்துச் சொல்ல வேண்டும். ராமநாதபுரத்தில் மட்டும் வைத்தால் தீவிலிருந்தும் ஏர்வாடி, மூக்கையூர்ப் பக்கமிருந்தும் எல்லாராலும் வர முடியாது. கடற்கரையில் ஓரிடத்திலாவது தடைக்காலத்துக்குள்ளேயே வைக்கட்டும். படித்து முடித்து வந்தால் எந்தத் தேர்வு, போகும் முன் எந்தச் சான்றிதழ், நோயாளிகளைக் கல்லூரி தருமா நாமே தேட வேண்டுமா, அவர்கள் என்ன மொழி பேசுவார்கள், கருவிக்கு எவ்வளவு ஆகும் என்று ஐந்து கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தால் போதும். விளம்பரம் போடுகிற உங்கள் பக்கத்திலேயே இந்தக் கேள்விகளையும் ஒரு கட்டம் கட்டி வெளியிட்டால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

அப்படி ஒரு கூட்டம் நடந்தால் தகவல் கொடுங்கள். ரசீதுகள், கடிதங்கள், வங்கிக் காகிதங்கள், மகள் எழுதி அனுப்பிய செலவுக் கணக்கு எல்லாம் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு வருகிறேன். எந்தத் தாய் தகப்பன் கேட்டாலும் பிரித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
தெற்குவாடி, பாம்பன்.