ஒரு செகண்ட் கரன்ட் கட்டுக்குத்தாங்க யூபிஎஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழமை உங்க பேப்பர்ல வீட்டு கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ், அதாவது கரன்ட் போனதும் பேட்டரில இருந்து குடுக்கற பெட்டி, வாங்கறத பத்தி அரை பக்கம் போட்டிருந்தீங்க, நல்ல விஷயம்தான், ஆனா 600 விஏக்கு (யூபிஎஸ் பெட்டில போடற அளவு, என்னன்னு பின்னாடி சொல்றேன்) பதிலா 1,000 விஏ வாங்கினா ரெண்டு மூணு மணி நேரம் கவலையே இல்லன்னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அத படிச்சிட்டு எங்க எதிர் வீட்டு சார் அன்னைக்கு சாயங்காலமே கடைக்கு போயி ஒண்ணு தூக்கிட்டு வந்துட்டாரு. அதான் எழுதறேன்.

நான் மன்னார்குடில வீட்லயே உக்காந்து கடைக்காரங்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டு குடுக்கறேன். மாசாமாசம் 20ஆம் தேதிக்குள்ள 3பிங்கற ரிட்டர்ன போட்டாகணும். அதனால உங்க பேப்பர்ல நான் மொதல்ல பாக்கறது நாளைய மின்தடை லிஸ்ட்தான், ராசிபலன் எல்லாம் அப்புறம். காலைல 9 மணிக்கு போகும்னு முன்னாடியே தெரிஞ்சா பிரச்சனையே இல்லங்க, முந்தின நாள் ராத்திரியே வேலைய முடிச்சிடுவேன். என்னைய கவுத்தது எல்லாம் லிஸ்ட்ல வராத கட்டு. டியூப் லைட் ஒரு தடவ மினுக்குன்னு அணைஞ்சு எரியும், ஃபேன் நிக்க கூட நிக்காது, கம்ப்யூட்டர் மட்டும் செத்து பொழைக்கும்.

சில வருஷம் முன்னாடி ஒரு 19ஆம் தேதி சாயங்காலம் அப்படித்தான் ஆச்சு. ஒரு ஹார்டுவேர் கடையோட பர்ச்சேஸ் பில் முன்னூத்தி சொச்சம் என்ட்ரி போட்டு முடிக்கற நேரம், மினுக்குன்னுச்சு, மறுபடி ஆன் பண்ணா டேட்டா ஃபைல் திறக்கல. பேக்கப் எடுத்து நாலு நாள் ஆச்சு, அது என் தப்பு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் திரும்ப அடிச்சேன், மாமியார் பாவம் தூங்காம ரெண்டு தடவ டீ போட்டு குடுத்தாங்க.

இதுல கொடுமை என்னன்னா வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு, 150 ஏஹெச் பேட்டரியோட (ஏஹெச்னா பேட்டரி எவ்ளோ சேத்து வெக்கும்ங்கற அளவு). அது இருந்தும் ஏன் கம்ப்யூட்டர் ஆஃப் ஆச்சுன்னு ரொம்ப நாள் புரியல. அப்புறம் ஒரு எலக்ட்ரீஷியன் தம்பி வந்து இன்வெர்ட்டர் பின்னாடி குனிஞ்சு பாத்துட்டு சிரிச்சாரு, அங்க சின்னதா ஒரு ஸ்விட்ச், ஒரு பக்கம் நார்மல் இன்னொரு பக்கம் யூபிஎஸ்னு போட்டிருக்கு, எங்களது மாட்டின நாள்ல இருந்தே நார்மல்ல கெடக்கு. நார்மல்ல இருந்தா மெயின்ல இருந்து பேட்டரிக்கு மாற கொஞ்சம் நேரம் எடுத்துக்கும், லைட்டுக்கும் ஃபேனுக்கும் அது தெரியாது. ஆனா கம்ப்யூட்டருக்குள்ள கரன்ட்ட மாத்தி குடுக்கற எஸ்எம்பிஎஸ்ங்கற பெட்டி ஃபுல் லோட்ல தாக்குபிடிக்கறது ஏறக்குறைய 16, 17 மில்லி செகண்ட்தான். நம்ம கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 50 சுத்து, ஒரு சுத்துக்கே 20 மில்லி செகண்ட். ஒரு சுத்து தவறினாலே கதை முடிஞ்சிடும். ஸ்விட்ச யூபிஎஸ் பக்கம் தள்ளினதும் பாதி பிரச்சனை போச்சு, ஒத்த பைசா செலவில்லாம. உங்க கட்டுரைல இத பத்தி ஒரு வார்த்தை கூட இல்லங்க, இன்வெர்ட்டர் இருக்கற வீட்டுக்காரங்க மொதல்ல பாக்க வேண்டியதே இதுதான்.

அப்பவும் எப்பவாச்சும் ஆஃப் ஆச்சு, அந்த மீதி பாதிக்குத்தான் 600 விஏல ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி இன்வெர்ட்டர் லைனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல போட்டேன். எங்களது சைன் வேவ், அதாவது லைன் கரன்ட் மாதிரியே சீரா குடுக்கற இன்வெர்ட்டர்ங்கறதால சரியா போச்சு. அப்படி சீரா குடுக்காத பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரா இருந்தா சில யூபிஎஸ் அந்த கரன்ட்ட ஏத்துக்காம தன்னோட பேட்டரியவே தின்னுகிட்டு கத்திகிட்டே இருக்கும், கேட்டுட்டு வாங்கணும்.

இப்ப அந்த விஏ சமாச்சாரத்துக்கு வர்றேன். விஏங்கறது எவ்ளோ லோடு தாங்கும்ங்கறதுக்கு, எவ்ளோ நேரம் ஓடும்ங்கறதுக்கு இல்ல. வாய் அகலமா இருந்தா அந்த குடம் தண்ணி நெறைய புடிக்கும்னு சொல்லுவோமா? நேரம் வேணும்னா உள்ள இருக்கற பேட்டரிய பாக்கணும். வீட்டு 600 விஏல பெரும்பாலும் இருக்கறது 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி ஒண்ணு, பெருக்கினா 84 வாட் ஹவர், அதாவது 84 வாட்ட ஒரு மணி நேரம் குடுக்கற கணக்கு. என் சிபியு, மானிட்டர் ரெண்டும் சேந்து சுமாரா 90 வாட் இழுக்கும், அப்ப வெறும் கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மியா வரணும்ல, புதுசுல நான் கடிகாரம் வெச்சு பாத்தது 22 நிமிஷம். ஏன்னா அந்த 7 ஏஹெச்ங்கறது 20 மணி நேரம் மெதுவா இழுத்தா வர்ற கணக்கு, சரசரன்னு இழுத்தா அவ்ளோ தராது, போதாததுக்கு 230 வோல்ட்டா மாத்தறதுலயும் கொஞ்சம் போயிடும். 1,000 விஏல ரெண்டு பேட்டரி போட்டிருந்தாலும் டெஸ்க்டாப்ப வெச்சுகிட்டு மூணு மணி நேரம்ங்கறது நடக்காதுங்க. 22 நிமிஷம் எனக்கு தாராளம், சேவ் பண்ணி மூடறதுக்கு ரெண்டு நிமிஷம் போதும். கஜா புயல் அடிச்சப்ப 2018ல வாரக்கணக்கா கரன்ட் இல்ல, அன்னைக்கு இன்வெர்ட்டரே ஒரு நாள்ல படுத்துடுச்சு, யூபிஎஸ் எந்த மூலைக்கு.

இன்னொண்ணு, அட்டைப்பெட்டில விஏ மட்டும் கொட்டை எழுத்துல போடறாங்க, வாட்ஸ் பின்னாடி எறும்பு சைஸ்ல இருக்கும். 600 விஏன்னா நெஜமா தாங்கறது அனேகமா 360 வாட்ஸ்தான். என் அண்ணன் பையன் கேம் ஆடறதுக்குன்னு பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்டு ஒரு கம்ப்யூட்டர் வெச்சிருக்கான், அது கேம்ல 400 வாட்டுக்கு மேல இழுக்கும், அவனும் 600 விஏதான் வாங்கினான். கரன்ட் இருக்கற வரைக்கும் சமத்தா இருந்துச்சு, கரன்ட் போன நிமிஷமே யூபிஎஸ்ஸும் சேந்து போயிடுச்சு. கடைக்காரர திட்டிகிட்டு இருந்தான், பெட்டிய திருப்பி காட்டினதும் கப்சிப். லேசர் பிரிண்டர யூபிஎஸ்ல மாட்டவே கூடாது, சூடேறும்போது ஒரே இழு இழுக்கும். எங்க வீட்ல ஒரு நாள் மிக்ஸியவே அதுல சொருகிட்டாங்க, யாருன்னு சொல்ல மாட்டேன், டீ போட்டு குடுத்தவங்க.

வாங்கினதும் ஒரு தடவ சோதிச்சு பாத்துடணும். பிளக்க உருவாதீங்க, எர்த்தும் சேந்து போயிடும், செவுத்து ஸ்விட்ச மட்டும் ஆஃப் பண்ணணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவ நான் இத செய்யறேன், அப்படித்தான் 22 நிமிஷம் நாலு நிமிஷமா கொறைஞ்சது இந்த சித்திரைல தெரிஞ்சுது. இந்த பேட்டரிக்கு வெயில்தான் எமன், 25 டிகிரிக்கு மேல பத்து பத்து டிகிரியா ஏற ஏற ஆயுசு பாதி பாதியா கொறையும்னு சொல்லுவாங்க, நம்ம ஊரு வெயில்ல ரெண்டரை வருஷம் வந்ததே பெரிசு. யூபிஎஸ் புதுசா வாங்க வேணாம், பேட்டரி மட்டும் மாத்தினா போதும், பழசு கடைல எடுத்துப்பாங்க. புதுசுல தயாரிச்ச மாசம் என்னன்னு பாத்து வாங்குங்க, கடை அலமாரிலயே ஒரு வருஷம் தூங்கினதும் இருக்கு.

எதிர் வீட்டு சாருக்கு வர்றேன். அவர் வாங்கினது பொண்ணோட ஆன்லைன் கிளாசுக்கு. பொண்ணு வெச்சிருக்கறது லேப்டாப்! அதுக்குள்ளயே பேட்டரி இருக்குங்க. கரன்ட் போனா நிக்கறது இன்டர்நெட் குடுக்கற மோடம் மட்டும்தான், அது இழுக்கறதே பத்து வாட் சுத்தி. அதுக்குன்னே லித்தியம் பேட்டரியோட உள்ளங்கை சைஸ்ல மினி யூபிஎஸ் விக்கறாங்க, மோடம் அடாப்டர்ல 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர்னு பாத்து அதுக்கு ஏத்தத வாங்கினா சாதாரணமா ரெண்டு மூணு மணி நேரம் ஓடும். கேபிள்காரர் பக்கமும் கரன்ட் இருக்கணும், அது வேற கதை.

அந்த ஒரு வரிய மட்டும் திருத்தி சீக்கிரமா போட்டீங்கன்னா நல்லாருக்கும். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு, பேப்பர்லயே வந்திருக்கேம்மாங்கறாரு. பெட்டி இன்னும் பிரிக்கல, பில்லும் இருக்கு, மாத்திக்க ஏழு நாள் டைம் குடுத்திருக்காங்களாம்.

இப்படிக்கு,
மன்னார்குடி வாசகி